கூவும் பேடு

முட்டையிடும் பருவத்துப் பேடுகள். கறுப்பு.
பதினெட்டுக் கிழமை. ஒன்று முப்பத்தைந்து டொலர்.
அட்டையில் எழுதி வேலிக் கம்பியில் கட்டும்போது
விரல் மடங்கவில்லை.
டூவூம்பாவில் யூலை, மலைமுகட்டுப் பனி
தெருவிளக்கு வரைக்கும் இறங்கி நின்றது.

இருபத்துநான்கு முட்டைகள் வைத்தேன்.
ஒரு பக்கம் அ, மறு பக்கம் ஆ என்று
பென்சிலால் எழுதினேன், திருப்பியதா என்று தெரிய.
எனக்கு இரவு வேலை வந்த நாட்களில்
தயாபரன் திருப்பினார்.
வார்டிலிருந்து மூன்று தரம் போன் எடுத்தேன்:
இப்போ அவா, ஆவா?

ஏழாம் நாள் டோர்ச் வெளிச்சத்தில்
ஓட்டுக்குள் சிவப்புச் சிலந்தி ஒன்று
கால்களை நீட்டியிருந்தது.
பதினாலாம் நாள் கரண்ட் போனது.
சுடுதண்ணிப் பைகள், என் கம்பளிச் சட்டை,
அவருடைய மப்ளர்,
பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மூன்று மணித்தியாலம்.
இருபத்தோராம் நாள் பதினைந்து பொரித்தன.
எட்டு, சேவல்.
அந்த எட்டின் கதையை இங்கே எழுதவில்லை.
எனக்கும் ஃப்ரீசருக்கும் தெரியும்.

மொரீன் மூன்று வாங்கிப் போனாள்.
ஒன்பதாம் நாள்
உடுப்புக் கூடைக்கு மேல் துவாய் மூடி
ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.
"நீ வித்ததில ஒண்டு ஆம்பிளை.
காசு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன்
கவுன்சிலுக்கு எழுதிப்போட்டான்."

தூக்கிப் பார்த்தேன்.
கழுத்து இறகின் நுனி வட்டம், கூர் இல்லை.
காலில் முள்ளு இல்லை.
பின் எலும்புக்கு நடுவே மூன்று விரல் போகிறது.
பேடுதான், மொரீன், சத்தியமாய்ப் பேடு
என்று நான் சொல்லி முடிக்க முன்
அது கழுத்தை நீட்டிக் கூவியது.
துருப்பிடித்த படலையைப் பாதி திறந்த சத்தம்.
மீதிப் பாதியை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள்.

பேடு கூவியா பொழுது விடியும்.
போன பொங்கல் விழாவுக்குப் பிறகு
மண்டப வாடகைக் கணக்கைக் கேட்டு நான் எழும்பியபோது
பின்வரிசையில் ஒருவர் சொன்னது.
சபை சிரித்தது.
பொருளாளர் தண்ணீர் குடித்தார்.
தயாபரனும் சிரித்தார்,
கொஞ்சமாகத்தான், வாயை மூடிக்கொண்டு.
வரும் வழியில் காருக்குள்
ஹீட்டர் மட்டும் பேசியது.

அடுத்த நாள் காலை
வைக்கோலில் ஒரு முட்டை.
சின்னது, வெளிர் மண்ணிறம்,
ஓட்டில் கோடு மாதிரி ஒரு துளி இரத்தம்.
முதல் முட்டை அப்படித்தான்.
மொரீனுக்குப் படம் அனுப்பினேன்.
கூவுதா இன்னும் என்று கேட்டாள்.
கூவுது.
அப்ப நீயே வைச்சிரு.

புதன்கிழமை கவுன்சில் ஆள் வந்தான்.
டேரன், இருபத்தைந்து வயதிருக்கும்,
சப்பாத்தில் சேறு படாமல் நின்றான்.
முறைப்பாடு இருக்கு, சேவல் கூவுதாம்.
கூவுறது இதுதான் என்று காட்டினேன்.
கூட்டுக்குள் கையை விட்டு
இன்னும் சூடு ஆறாத முட்டையை
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.
இரண்டையும் பார்த்தான்.
கோழியைப் பார்த்தான்.
பேனாவை மூடிவிட்டு
டசின் என்ன விலை என்று கேட்டான்.

இரவு வேலை முடிந்து
ஆறு மணி இருட்டில் காரை நிறுத்துகிறேன்.
கூட்டுக்குள் அது கூவுகிறது.
கொஞ்ச நேரத்தில்
வேலி தெரிகிறது, பிறகு எலுமிச்சை, பிறகு
கழுவாமல் விட்ட தண்ணீர்ச் சட்டி.
அது கூவியதால் விடியவில்லை.
அதற்கும் அது தெரியும் போல,
கூவிவிட்டு நேரே
தீன் பெட்டிக்குத்தான் ஓடுகிறது.

ஞாயிறு சங்கக் கூட்டம்.
கணக்கு இன்னும் வரவில்லை.
முட்டைத் தட்டு இரண்டை காரில் ஏற்றிக்கொண்டு
தயாபரன் கேட்கிறார்,
அந்த ரசீதுக் கொப்பி எங்க வைச்சனீர்,
அதையும் எடுக்கட்டா?