வெதா

லாஹ்தியில் முதல் வாரம் முழுக்கக்
கதவுகளிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.
'வெதா' என்று எழுதியிருந்ததை
யாரோ ஒரு பெண்ணின் பெயரென்று எண்ணித்
தள்ளினேன்.
ஃபின்னிஷ் மொழியில் வெதா என்றால் இழு.
கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு கற்ற சொல்
மறப்பதே இல்லை.

ஒரு பருவம், ஒரே ஒரு பணி:
நகராட்சி நீச்சல்குளத்தின் வாசற்கதவுக்கு
ஒரு கைப்பிடி.
அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான் என்றார் பேராசிரியர் ரித்வா.
அது ஆறுதலா எச்சரிக்கையா
இன்றுவரை தெரியாது.

ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
பித்தளையைத் தொட்டால்
விரல்தோல் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான்
திரும்பி வரும்.
ஆகவே பிர்ச் மரம்.
நீராவிப் பெட்டியில் வேகவைத்து
வேர்னெரியும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து வளைத்தோம்.
ஐந்து உடைந்தன.
ஆறாவது ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.
அன்று வேர்னெரி பேசியவை மொத்தம் நான்கு சொற்கள்.
அதில் இரண்டு கெட்ட வார்த்தை.

குளத்தின் முன்கூடத்தில் மூன்று நாள்
நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து எண்ணினேன்.
கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
துணியால் பிடிப்பவர்கள்,
ஹாக்கி மட்டையை அக்குளில் இடுக்கி
சுண்டுவிரலால் சமாளிப்பவர்கள்,
குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு
திறந்த இடுக்கில் பூட்ஸ் நுனியைக் கொடுப்பவர்கள்.
மறந்துபோன காலுறைக்காக
ஈரத்தலையோடு திரும்பி ஓடிவரும் ஒரு பையன்.
மூன்று நாளும் அதே பையன்.
அதே காலுறையாகத்தான் இருக்கவேண்டும்.

இரவு ஒன்பதுக்குக் குளத்தை மூடுவார்கள்.
சேனாய்த் அப்போதுதான் வருவாள்.
பகலில் செவிலியர் படிப்பு,
இரவில் இந்த ஈரத்தரை.
மாதிரியைப் பொருத்திக் காட்டினேன்.
தள்ளி நின்று பார்க்கவில்லை,
வளைவைத் தடவிப் பார்க்கவில்லை.
இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை உருவிக்
கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே
நுழைக்கப் பார்த்தாள்.
போகவில்லை.
"நானூறு பேரின் அழுக்கு இங்கேதான் குடியிருக்கும்.
எட்டு மில்லிமீட்டர் கூட்டு."

எட்டு மில்லிமீட்டர்!
அதற்கு வளைவு முழுவதும் மாறவேண்டும்.
பதினோராவது வரைபடம், மறுபடி நீராவி,
மறுபடி வேர்னெரியின் இரண்டு சொற்கள்.
இந்த முறை நானும் சேர்ந்து சொன்னேன்.
இரண்டு நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன்.
அது அவளுக்குத் தெரியாது.

ஏப்ரலில் ஏரிப்பனி கறுத்து
ஓரங்களில் தண்ணீர் தெரியத் தொடங்கியபோது
நகராட்சியிலிருந்து ஒரு கடிதம்.
வாசலுக்குத் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு
ஒப்புதலாகிவிட்டதாம்.
மாணவரின் ஆர்வத்துக்கு நன்றியாம்.

ரித்வா இருமுறை படித்தார்.
"அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள்," என்றார்.
பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக,
தன் இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துப்
பெரிய பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

கிளம்பும் முந்தின இரவு
கைப்பிடியைச் சேனாய்த்திடம் கொடுத்தேன்.
பெட்டியில் இடமில்லை என்றேன்.
பெட்டியில் நிறைய இடம் இருந்தது.

விமான நிலையத்தில் எல்லாக் கதவுகளும்
நான் நெருங்குமுன்பே விலகிக்கொண்டன.
பழக்கதோஷத்தில் நீண்ட கை
நீண்டபடியே உள்ளே போனது,
கைகுலுக்க வந்தவர்
வேறு யாரையோ பார்த்துத் திரும்பிவிட்டதுபோல.

ஜூனில் ஒரு படம் அனுப்பினாள்.
துடைப்பங்கள் வைக்கும் அறையின் சாம்பல்நிறக் கதவு.
பேனாவால் எழுதி ஒட்டிய காகிதம்: வெதா.
அதன்கீழ் என் பிர்ச்,
நான்கு திருகாணிகளில் கொஞ்சம் கோணலாக.
கைப்பிடிக்கும் கதவுக்கும் இடையில்
ஒரு மஞ்சள் துணி,
காய்ந்துகொண்டு.