மூன்றாம் நாள்

நம்புலா நகரத்திலிருந்து வந்த பெட்டியில்
குளோரோ என்று எழுதியிருந்தது.
நோயின் பெயர் கோலெரா.
மகுவா மட்டும் கேட்டு வளர்ந்த காதில்
இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

கிணற்றில் நோயைக் கொட்டுகிறவன் நான்தானாம்.
என் சைக்கிளை எரித்தார்கள்.
மணி மட்டும் கருகாமல் கிடந்தது.

பொய் என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை.
நல்ல நாளில் இந்தப் பக்கம்
எங்கள் வண்டி வந்ததே இல்லை.
நாலு பேர் செத்த பிறகுதான் வரும்,
வெள்ளைப் பொடியும்
போர்த்துகீசியத் துண்டறிக்கையுமாய்.
எங்களையும் சாவையும்
அவர்கள் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள்.

அதீஜா ஒரு குவளை மொண்டு நீட்டினாள்.
"முதலில் நீ குடி, அமிசி."
குடித்தேன்.
"நாளைக்கும் வா. மறுநாளும்.
மூன்றாம் நாள் உன் காலில் நீ நடந்து வந்தால்
என் குடத்தைக் கொண்டுவருகிறேன்."

இது இரண்டாம் நாள் இரவு.
சந்தையில் வாங்கிய மீனை நாய்க்குப் போட்டேன்.
மரவள்ளியை இரண்டு தரம் வேகவைத்தேன்.
கை கழுவினேன்,
துடைத்த துணியை நம்பாமல் மறுபடி கழுவினேன்.
இப்போது வயிறு லேசாக இரைகிறது.
பசிதான்.
பசியாகத்தான் இருக்க வேண்டும்.