மைனஸ்

நாற்பத்தேழு கறுப்புக் கட்டங்கள்,
ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து.
பாளையங்கோட்டையில், துணி காயும் அறையில்,
ஸ்டூல்மேல் ஸ்டூல் வைத்துப் போனைச் சாய்த்து
அலைச் சமன்பாடு நடத்துகிறேன்.
"கேக்குதா?"
யாரோ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறார்கள்.

மைக்கை அணைக்க மறந்த கட்டமொன்றில்
கத்தரிச் சத்தம்.
நறுக், நறுக்.
முக்கூடல் பக்கமாக இருக்கும், பீடி இலை.
அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

சத்தம் நின்றது.
"சார், மூணாவது வரியில மைனஸ விட்டுட்டிய."

உலகம்மாள்.
இரண்டு வருடமாகக் கடைசி பெஞ்சில்
வருகைப்பதிவுக்கு மட்டும் குரல் கொடுத்தவள்.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம்.
புறங்கையால் அழித்துக் குறியைப் போடுவதற்குள்
மறுபடி நறுக், நறுக்.
இருட்டுவதற்குள் ஆயிரம் தேற வேண்டுமே அவளுக்கு.

போன் கொதிக்கிறது.
அடுத்த வரியை எழுதிவிட்டு
சத்தம் நிற்கிறதா என்று
காது கொடுத்தேன்.