வெள்ளிக்கிழமைக்குள்

விண்ணப்பம் மூன்று பக்கம்.
முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்:
விளையாட்டின் பெயர்.
ஃபிரிஸ்பீ என்று எழுதினால்
நாய்க்கு எறிவதுதானே அது என்பார்
உடற்கல்வி இயக்குநர் தாமோதரம்.
நாங்கள் தட்டு என்போம்.
சோறு போடாத தட்டு என்பாள் என் அம்மா.

நான்கு வருடமாய்
கிரிக்கெட்டுக்கு மைதானம் இருந்தது,
கூடைப்பந்துக்கு விளக்குக் கம்பம் இருந்தது,
எங்களுக்குப் பாலாறு.
பாலத்தின் மூன்றாவது தூணிலிருந்து
ஐந்தாவது தூண் வரை நீளம்.
சீமைக்கருவேலம் வெட்டி எல்லை போட்டோம்.
மணல் லாரி விட்டுப்போன பள்ளத்தைத்
தென்னமட்டையால் இழுத்து மூடினோம்.
விழுந்தால் அடிபடாது,
ஓடினால் கெண்டைக்கால் கழன்றுவிடும்.

நடுவர் கிடையாது.
தட்டு தரையைத் தொட்டதா இல்லையா
பிடித்தவள்தான் சொல்லவேண்டும்.
ஏலகிரிப் போட்டியில் கடைசிப் புள்ளி.
ஜெபசீலி பாய்ந்து பிடித்தாள்,
எதிரணியே கைதட்டிவிட்டது.
எழுந்து முழங்கைப் புல்லைத் துடைத்துக்கொண்டே
"பட்டுடுச்சு" என்றாள்.
பஸ்ஸில் வாணியம்பாடி வரை
யாரும் அவளோடு பேசவில்லை.
ஆம்பூரில் சலபதி இறங்கிப் பிரியாணி வாங்கிவந்தான்,
முதல் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தான்.

கார்த்திகையில் ஆறு வந்தது.
ஊரே பாலத்தில் நின்றது.
மஞ்சள் போட்டார்கள், பூப் போட்டார்கள்,
ஒரு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார்.
அந்தக் கூட்டத்தில்
பதினேழு பேர் மட்டும்
முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம்.
வெளியில் சொல்ல முடியுமா,
எங்கள் மைதானத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதென்று?

அதனால்தான் இந்த விண்ணப்பம்.
பல்கலைக்கழக அணி என்று முத்திரை விழுந்தால்
கல்லூரி மைதானம், வாரம் மூன்று மாலை.
வருகைப்பதிவில் ஓ.டி.
பனியனுக்குப் பின்னால் பெயர்.
பயணப்படி.
ஒரு சான்றிதழ்.
லோகப்பிரியாவுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்,
மகள் டியூஷனுக்குப் போகிறாள் என்றே
இன்றுவரை நம்புகிறார் அவள் அப்பா.
இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாம் பக்கம்.
ஆண்கள் அணி, பெண்கள் அணி தனித்தனியே.
அரியர் உள்ளவர் ஆடக்கூடாது.
(சலபதிக்கு மூன்று. ஒன்று கணக்கு,
மற்ற இரண்டும் கணக்குதான்.)
இக்கல்லூரி மாணவர் மட்டுமே.

முஜம்மில் இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில் பகல் முழுக்க நின்றுவிட்டு
நகக்கண்ணில் நீலம் போகாத விரல்களால்
எதிர்காற்றில் வளைத்து எறிவான்
ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு.
முதல் தட்டு அவன் காசில் வாங்கியது.

கை தூக்கச் சொன்னோம்.
வேண்டும் ஒன்பது.
வேண்டாம் ஏழு.
முஜம்மில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான்,
கட்டியதை அவிழ்த்து மறுபடி.
"எழுதிக் குடு, இன்னாத்துக்கு யோசிக்கிற"
என்றான் அப்புறம், என் முகத்தைப் பார்க்காமல்.
ஒன்பதில் ஒன்று என் கை.

மூன்றாம் பக்கத்தில்
முன்மொழியப்படும் நடுவர் என்றொரு கட்டம்.
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
ஒரு மைப்புள்ளி மட்டும் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்கவேண்டும்.
இன்று புதன்.
இப்போதுதான் பாலத்திலிருந்து கூப்பிட்டான் முஜம்மில்,
லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு:
"தண்ணி எறங்கினு கீது.
நாலாவது தூணாண்ட மணல் தெரியுது,
ஒரு பாய் அகலம்தான்."