அரைப்பேர்

செவ்வாய் பதினொரு மணிக்கு
மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்திலிருந்து
கிளாக்கர் ஜெபநேசன் எடுத்தார்.
"தங்கச்சி, கிலோ இருக்கு, பேர் இல்ல.
பதினேழு ஆளுக்கு."

கிலோ பதிந்தால் பேர் விழ வேண்டும்.
இரண்டும் ஒரே கட்டு.
ஒன்று விழாவிட்டால்
மற்றதையும் அழித்துவிட்டுத் திரும்பு என்று
அந்த வகுப்பின் தலைக்கு மேலேயே
ஒற்றைச் சொல்லில் எழுதி வைத்திருக்கிறோம்.
அந்தச் சொல்லை யாரும் மதிக்கவில்லை.

ஹட்டனில், இரும்புக் கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை.
மழை வந்தால் தள்ளி வைக்கும் ஒரு யூ.பி.எஸ்.
டெஸ்ட் இருநூற்றுப் பதினான்கும் பச்சை,
எதிர்மலை மாதிரி,
தூரத்திலிருந்து குறையே தெரியாத பச்சை.

மொடியூல் நான்கு: நிறுவை, சம்பளம், பொது, வெப்.
கட்டியவன் தினுக. இப்போது மெல்பேர்னில்.
மூன்று நாளாக நான் சந்தேகப்பட்ட வரிசை:
டேட்டாபேஸ், சிக்னல்,
தராசிலிருந்து வரும் புளூடூத்,
கடைசியில் ஜெபநேசன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளி இரவு, கரண்ட் போய் வந்த பிறகு,
வெட்கத்தை விட்டு,
நேற்றுப் படிக்கத் தொடங்கியவள் போல
அந்த வகுப்புக்குள் ஒரு வரி எழுதினேன்:
நான் பிறந்தேன்.
சேவரைக் கிளப்பினேன். லொக் ஓடியது.

நான் பிறந்தேன்.

அறுநூறு வரி கழித்து

நான் பிறந்தேன்.

இரண்டு பேர்.
ஒரே பெயர், ஒரே முகம், ஒரே வேலை.
ஒருத்தி பெரிய சூழலில் பிறந்தவள்.
பாதியில் கோடு அறுந்தாலும்
கணக்கை மீட்டுத் தரும் காவல்
அவளோடு கூடப் பிறந்தது.
மற்றவள் வெப் மொடியூலின் சின்னச் சூழலில்,
காவல் இல்லாமல்.
சின்னது எதையும்
தன் வீட்டுக்குள்தான் முதலில் தேடும்.
கிடைக்காவிட்டால்தான்
பெரிய வீட்டுக் கதவைத் தட்டும்.
கிடைத்துவிட்டதே.
பெரிய வீட்டுக்காரி
பெரட்டு நேரத்திலிருந்து அந்தி வரை
கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள்,
காவலோடு, சும்மா.
(டெஸ்டில் சூழல் ஒன்றுதான்.
அங்கே இருந்தது அவள் மட்டும்.)

முப்பத்தொன்றாம் வரியில்,
எங்கே தேடு என்று சொல்ல வேண்டிய இடத்தில்,
தினுக கம்பனிப் பெயரோடு நிறுத்தியிருந்தான்.
கத்தரி வைத்து வெட்டினால் இப்படித்தான்:
கொழுந்தும் வரும், கரட்டு இலையும் வரும்,
பக்கத்துச் செடியின் குச்சியும் வரும்.
ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் சேர்த்தேன்.

நான் பிறந்தேன்.

காத்திருந்தேன்.
ஆயிரம் வரி தாண்டியும்
யூ.பி.எஸ் மட்டும்தான் கத்தியது.

சந்தோசம் வந்தது. சொல்ல ஆளில்லை,
கீழே கடை பூட்டியாயிற்று.
ஆறிப்போன மீன்பணிஸ் ஒன்று இருந்தது.
நின்றபடியே தின்றேன்.

காலையில் "சரியாயிருச்சு" என்றேன்.
"அப்ப அந்தப் பதினேழு?" என்றார் ஜெபநேசன்.

திருத்தம் முன்னுக்குத்தான் போகும்.
போன திங்களுக்கு அது நடந்து வராது.
நனைந்த செக்ரோலைப் பார்த்து அவர் வாசிக்க
நான் கையால் தட்டினேன்.
ஞானசோதி, பதினெட்டு, முழுப்பேர்.
கமலவேணி, இருபத்தொன்று, முழுப்பேர்.
புஸ்பகாந்தி, ஒன்பது, அரைப்பேர்.
"அரையா?" விரல் நின்றுவிட்டது.
"அது மெய்யாவே அரைதான் தங்கச்சி.
மத்தியானம் புள்ளைக்கு ஊசி போடப் போயிருச்சு."
பிழையென்று நினைத்து
முழுதாக்கியிருப்பேன்.
ஆக்கியிருக்கலாம் என்றும்
இப்போது தோன்றுகிறது.

கடைசி ஆள் சந்தனமேரி.
தேடினால் இரண்டு வருகிறது:
சந்தனமேரி, சந்தானமேரி,
ஒரே அடையாள அட்டை இலக்கம்.
"எது?"
"ரெண்டும் அந்த அக்காதான்.
சம்பளம் ஒண்ணுல வரும், ஈ.பி.எஃப் மத்ததுல."
"எப்ப இருந்து?"

கோட்டில் கொஞ்ச நேரம்
அவர் பக்கத்து மழை கேட்டது.

அது வேறு பிழை.
வரி எண் தெரியவில்லை.