சொல்லிவிட்டுப் போங்க

"பொம்மையைக் காட்டித் திருப்பிவிட்டு
பின்வாசல் வழியா நழுவாதீங்க மேகலா.
அழட்டும்.
அழுகிற முகத்தைப் பார்த்தே
போய்ட்டு வாரேன் சாமின்னு
சொல்லிட்டுப் போங்க."
முந்தின நாள் அவள் மறைந்த கதவை
பத்தரை மணி வரைக்கும் தட்டியவன்
அப்புறம் எந்தக் கதவையும் நம்பவில்லை,
கக்கூஸ் கதவைக்கூட.

அனுப்பர்பாளையம் பிரிவில் எங்கள் பனியன் கம்பெனி.
"பிரிவெல்லாம் எறங்கு" என்று
கண்டக்டர் தினமும் கத்துவார்.
மேலே ஓவர்லாக் மிஷின் நாற்பது.
கீழே, கோன் மூட்டை அடுக்கியிருந்த அறையில்
பதினோரு பொடுசுகளும் நானும்.
நாற்பதும் ஒன்றாக ஓடினால் சுவர் லேசாக நடுங்கும்.
தர்ஷிக் அதில் காதை ஒட்டிவைத்து
"அம்மா" என்பான்.
இல்லையென்று நான் சொன்னதில்லை.

மணி பார்க்கத் தெரியாது அவனுக்கு.
அதனால் கூழு, அப்புறம் பருப்புச் சோறு,
அப்புறம் தூக்கம், எழுந்தால் பொரி,
பொரி தீர்ந்தால் சங்கு,
சங்கு ஊதினால் அம்மா.
தூங்க மட்டும் மேகலாவின் நைட்டி வேண்டும்.
துவைக்காத நைட்டி, கேட்டு வாங்கினேன்.
பெருமாநல்லூரில், பக்கத்து வீட்டில்
என் மகள் என் துண்டோடு தூங்குவாள் இந்நேரம்.
தூங்குவாள்.

வியாழக்கிழமை சங்கு ஊதியது.
வந்த அம்மாக்கள் பத்துப் பேர்.
ஷிப்மெண்ட்டாம், மேகலா லைனுக்கு ஒன்றரை ஷிப்டாம்.
எனக்கும் யாரும் சொல்லவில்லை.
ஒரு செருப்பைக் காலில் மாட்டி
மற்றதைக் கையில் பிடித்து
என்னையே பார்த்தான்.
இப்ப வந்துருவாங்க என்பது
பல் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.
"எப்பன்னு எனக்கும் தெரீல சாமி.
வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

வாசற்படியில் உட்கார்ந்து
துணி ரோல் ஏற்றிப் போகும் ஆட்டோக்களைப் பார்த்தோம்.
மூன்றாவது ஆட்டோவுக்குக் கை காட்டினான்.
மிச்சப் பொரியில் எனக்கும் ஒன்று தந்தான்,
ஈரமாக.
அழவேயில்லை.

ஒன்பது மணிக்கு
முடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஓடிவந்தாள்.
அவளைக் கண்ட பிறகுதான்
தகரக் கூரை அதிர அப்படியோர் அழுகை.
"அடிச்சீங்களாக்கா?"

இல்லீங்க.
மத்தியானத்திலிருந்து சேர்த்து வெச்சிருந்தான்,
உங்ககிட்டக் குடுக்கோணும்னு.

செருப்பு இன்னும் அவன் கையில்தான்.
நான் குனிந்து மாட்டிவிட்டேன்.
நாளைக்கு நைட்டியை
மறந்துறாதீங்க.