இடக்கை வாள்

வேலந்தாவளம் சந்தைக்குத்
தக்காளி வந்துசேர இரவு ஒன்றரை ஆகும்.
அதுவரை தராசுமேடையில் உட்கார்ந்து
சீனத்துக் கதை ஒன்றை உரக்க வாசிப்பேன்.
உடுமலை டிரைவர் ஒருவர் விட்டுப்போன தடிப் புத்தகம்.
அட்டை கிழிந்திருந்தது,
எழுதியவன் பெயரும் அதோடு போயிற்று.

கேட்க ஒன்பது சுமைக்காரர்கள்.
சிவப்புச் சங்கம் ஐந்து, மூவர்ணச் சங்கம் நான்கு.
பீடிக்கட்டு மட்டும் பொது.

பனிமலையில் ஒரு வாள்பள்ளி.
அதன் தலைவனை இளமையில்
ஓர் இடக்கையன் தோற்கடித்திருக்கிறான்.
பீடம் ஏறியதும் முதல் கட்டளை:
இடக்கையால் வாளைத் தொடக்கூடாது.
அடுத்த மாதம்,
சோற்றுக்குச்சியும் பிடிக்கக்கூடாது.
அதற்கும் அடுத்து
அப்படியொரு கை இருந்ததாகவே
பாடத்தில் இல்லை.
சீடர்கள் அழகாகத்தான் பறந்தார்கள்,
மூங்கில் நுனியில் நின்றார்கள்,
எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தபடி.

"இடதைத் தடுக்கிறான். இது யாருன்னு தெரியலையா?"
என்றான் அப்புமணி.
"இடதுன்னு மட்டுமா போட்டிருக்கு?
கைன்னும் போட்டிருக்கு.
கை யாரோட சின்னம்டா?"
என்றான் செந்தாமரை.
ஐந்தும் நான்கும் எழுந்து நின்றன.
அன்று லாரி வந்தும்
அரைமணி நேரம் தக்காளி காத்திருந்தது.

மறுநாள் சிவப்புச் செயலாளர்
புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.
பத்து நாளில் அது மற்றவர் பையில் இருந்தது.
எந்த டீக்கடையில் கைமாறியதோ,
இருவரும் பேசி ஆறு வருஷம்.

திரும்பி வந்தபோது
பென்சில் கோடு ஒன்று, நீலமைக் கோடு ஒன்று.
ஒரே வரியின்கீழ் இரண்டும்
இடம் போதாமல் இடித்துக்கொண்டு கிடந்தன:
'கட்டளையை மீறியவர்களிடம் தலைவனுக்கு அச்சமில்லை.
மீறத் தோன்றாதவர்கள் பெருகியபோதுதான்
இரவில் கதவைத் தாழிட்டான்.'

நான் யாரிடமும் காட்டவில்லை.
எடை எழுதுகிறவனுக்கு எடைதான் வேலை.

பரமு பிறவி இடக்கையன்.
வரிசை இடிக்குமென்று
வலத்தோளில் சுமக்கப் பழக்கியிருந்தார்கள்,
இரண்டு சங்கமும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அது.
அன்றிரவு பலகை ஏறும்போது
பெட்டியை இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டான்.
எதிரே இறங்கியவர்கள் திகைத்து நின்றார்கள்,
ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான்,
பிறகு ஒதுங்கினார்கள்.

தராசில் வைத்தான்.
பதினாலு கிலோ.
எழுதினேன்.